மாமனார் முன்னால் கேட்ட கேள்வி

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். முப்பத்து மூன்று வருடம் போலீஸ் வேலை. அதில் கடைசிப் பதினொரு வருடம் மாவட்டத் தனிப்பிரிவில், வெளிநாட்டு விசாரணைக் கடிதங்கள் வந்து விழும் மேசையில் இருந்தேன். இப்போது அந்த மேசைக்கு வந்திருக்கும் நீங்கள், அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கேட்டதும் எனக்குத் தோன்றியது, இதை இவர்கள் எதற்குக் கேட்கிறார்கள், யார் கேட்கச் சொன்னார்கள் என்பதுதான். புத்தி அப்படி ஆகிவிட்டது. பால்காரர் கால் மணி நேரம் முன்னதாக வந்தால்கூட இன்றைக்கு என்ன விசேஷம் என்று யோசிக்கிற ஆள் நான். இதற்காக வீட்டில் வாங்கிய பேச்சு தனிக் கணக்கு.

பிடித்த கதைகளை உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பதக்கம் வாங்கியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நான் ஒரு வரி எழுதி ஒரு மனிதரைக் கடல் தாண்டிச் சிறையில் வைத்த கதையைச் சொல்கிறேன். இதை இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு வந்த கடிதம் ஒரே ஒரு பக்கம். கிழக்கே கடல் தாண்டி இருக்கும் ஒரு நாட்டுப் போலீஸ் டெல்லிக்கு அனுப்பி, டெல்லி சென்னைக்கு அனுப்பி, சென்னை எங்களுக்கு அனுப்பியிருந்தது. அந்த நாட்டில் ஒரு கும்பல் போலி பாஸ்போர்ட் தயாரித்து, தீவிரவாத அமைப்பு ஒன்றின் ஆட்களை எல்லை தாண்ட வைத்துக்கொண்டிருந்தது. கும்பல் தங்கியிருந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தவன் ஒரு தமிழன். சோதனைக்குப் போவதற்குள் ஓடிவிட்டான். வாடகைக்காக அவன் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் மட்டும் கிடைத்தது. பெயர் திருமேனி. தகப்பனார் கருப்பசாமி. பிறந்த தேதி ஜூன் ஒன்று, வருடமும் போட்டிருந்தது. பிறந்த ஊர் திருச்சுழி. பாஸ்போர்ட் எண் இல்லை. கூடவே ஒரு மங்கலான படம். அதில் மீசை தெரிந்தது, முடி தெரிந்தது, ஆள் தெரியவில்லை. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் அவன் அந்த வீட்டில் இருந்திருக்கிறான். இவர் யார் என்று அடையாளம் உறுதி செய்து மூன்று நாளில் பதில் அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள்.

கவனியுங்கள், யாரையும் பிடிக்கச் சொல்லவில்லை. ஆள் யார் என்று மட்டும்தான் கேட்டார்கள். அதனால் எனக்கு அது லேசான வேலையாகத் தெரிந்தது. கைவிலங்கை எடுத்தால்தான் ஒருவனுக்குக் கெடுதல் செய்கிறோம் என்று அந்த வயதிலும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மாவட்ட முகவரியில் பாஸ்போர்ட் வாங்கியவர்களின் பட்டியலில் தேடினோம். அந்தப் பெயர், அந்தத் தகப்பனார், அந்தத் தேதி, அந்த ஊர், நான்கும் பொருந்தி ஒரே ஒருவர் வந்தார். டெல்லியிலும் அயல்நாட்டிலும் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் திருமேனி என்பது கேள்விப்படாத பெயர். நான்கும் ஒரே ஆளுக்குப் பொருந்தினால் அவனேதான் என்று நினைப்பார்கள். அவர்கள் நினைக்கலாம். நான் நினைத்திருக்கக் கூடாது. திருச்சுழிக் கோயிலில் சாமி பெயரே திருமேனிநாதர். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் திருமேனி என்று கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். கருப்பசாமி என்றால் டிரைவரும் திரும்புவார். இதெல்லாம் தெரிந்த ஊர்க்காரன் வேண்டும் என்றுதான் அந்தக் கடிதத்தை எங்களுக்கு அனுப்பினார்கள்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊர். மிளகாய்ச் செடிக்குக் களை வெட்டுகிற நேரம். திருமேனிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெற்றோர் கூலி வேலை பார்த்தவர்கள், இருவரும் காலமாகிவிட்டார்கள். லோடு லாரி ஓட்டி, பிறகு கிரேன் ஓட்டப் பழகி, வளைகுடா நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வேலை வாங்கியிருந்தார். இன்னும் இரண்டு வாரத்தில் பயணம். நான் போன அன்று பந்தல்குடியில் உரக்கடை வைத்திருக்கும் அவருடைய மாமனாரும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, எதையும் எடை போட்டுப் பார்க்கிற கண்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போலீஸ்காரன் வீட்டுக்குள் போனால் அந்த வீட்டுக்கு அவமானம். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் அதைவிட அவமானம். ஆகவே ஆளை வாசலுக்குக் கூப்பிட்டு, நாலு பேர் பார்க்க, சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போவோம். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அதுதான் மரியாதை. நானும் அந்த மரியாதையைக் கொடுத்தேன். வேப்பமரத்தடியில் நிறுத்திக் கேட்டேன். மாமனார் ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். எந்த நாட்டு முத்திரையும் இல்லை. பிறகு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். அதுவரை சரளமாகப் பேசிய மனிதர் நின்றுவிட்டார். கண் மாமனார் பக்கம் போய் வந்தது.

"சென்னையில சார். கிரேன் ஓட்டுனேன்."

எந்தக் கம்பெனி என்றேன். பெரிய கம்பெனி சார் என்றார். மேஸ்திரி பெயர் என்ன என்றேன். மறந்துவிட்டது என்றார். தங்கின இடம் எது என்றேன். வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் என்று ஏதோ இழுத்தார். நெற்றியில் வேர்த்தது. சொந்த ஊரில், வேப்பமர நிழலில் நிற்கிற மனிதருக்கு ஏன் இப்படி வேர்க்கிறது? அந்த நிமிடத்தில் அவர் என் மனதில் 'அவன்' ஆகிவிட்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூண்டிலில் மீன் இழுக்கிற சந்தோஷம்.

அலுவலகம் திரும்பி அவருடைய போன் விவரத்தை எடுத்தோம். அந்த இரண்டு மாதமும் போன் அணைந்து கிடந்தது. அவ்வளவுதான், என் மனது முடிவு கட்டிவிட்டது. பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லையே என்று ஒரு கேள்வி எழத்தான் செய்தது. அதையும் நானே அடித்துப் போட்டேன். போலி பாஸ்போர்ட் அடிக்கிற கும்பலோடு இருந்தவன் தன் சொந்தப் பாஸ்போர்ட்டிலா போவான்? முத்திரை இருந்திருந்தால் அது சாட்சி. இல்லாததால் அது இன்னும் பெரிய சாட்சி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சந்தேகப்படுகிறவனுக்கு வெளிச்சமும் பேய்தான்.

அந்த வீட்டில் எடுத்த கைரேகை இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் போக, வர இரண்டு வாரம் ஆகும். கெடு மூன்று நாள். நான் இரண்டாம் நாளே அனுப்பினேன். அடையாளம் உறுதி செய்யப்பட்டது என்று ஒரு வரி, கீழே என் கையெழுத்து, கூடவே அவருடைய படம், பாஸ்போர்ட் எண். வேகமாக முடித்ததற்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. ஆய்வாளர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

சரியாக மூன்று வாரம் கழித்து ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். திருச்சுழியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பெயர் முத்துமாரி, திருமேனியின் மனைவி. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. விமானத்தை விட்டு இறங்கிய இடத்திலேயே தன் கணவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றும், கூடப் போன ஆள் ஒருவர் போன் செய்து சொன்னார் என்றும், தீவிரவாதி என்கிறார்களாமே என்றும் நிதானமாகச் சொன்னார். நான் உறுதி செய்து அனுப்பிய விவரத்தை வைத்து அந்த முதல் நாடு அவரைத் தேடப்படுபவர் ஆக்கியிருந்தது. அது எல்லா நாட்டு விமான நிலையங்களுக்கும் போய்விட்டது. வளைகுடாவில் ஒரு அதிகாரி பாஸ்போர்ட்டைக் கருவியில் வைத்ததும் அது கத்தியிருக்கிறது.

முத்துமாரி மணிபர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். மதுரையில் உள்ள குடி நோயாளிகள் மறுவாழ்வு மையம் ஒன்றின் சீட்டு. சேர்ந்தது ஜூலை முதல் வாரம், வெளியே வந்தது ஆகஸ்ட் கடைசி.

"அந்த ரெண்டு மாசமும் அங்கதான் இருந்தாரு. உள்ள போனா போனை வாங்கி வச்சுக்கிருவாக. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

இதை அன்றைக்கே அவர் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் அதட்டலும் இருந்தது. அதற்கு முத்துமாரி சொன்ன பதிலை, இந்த மேசையில் உட்காரும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

"நீங்க கேட்டப்ப எங்கப்பா பக்கத்துல நின்னாகளே ஐயா. இன்னொரு தடவ குடின்னு கேள்விப்பட்டா, என்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருவேன்னு சொல்லியிருந்தாக. அவுகளுக்குச் சொன்ன பொய்யத்தான் அவரு உங்களுக்கும் சொன்னாரு."

அவர் பொய் சொன்னார் என்று நான் கண்டுபிடித்தது சரிதான். யாரிடம் சொன்னார் என்று பார்க்கவில்லை. பத்து அடி தள்ளிக் கூட்டிப் போய் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் உண்மை வந்திருக்கும். முப்பது வருடத்தில் என் மேலதிகாரிகள் எத்தனையோ பேர் எனக்குப் பாடம் எடுத்தார்கள். குரு என்று சொன்னால் அந்த அம்மாவைத்தான் சொல்வேன்.

ஆனால் பழகின புத்தி உடனே திருந்துமா? அவர் போனதும் எனக்கு முதலில் தோன்றியது, இந்தச் சீட்டே போலியாக இருக்கலாம் என்பதுதான். அன்றைக்கே மதுரை போனேன். மையத்தில் தினமும் கையெழுத்து வாங்குகிறார்கள். ஐம்பது சொச்சம் நாள், ஒரு நாள் விடாமல் திருமேனி என்று எழுதியிருந்தது. முதல் வாரத்துக் கையெழுத்து நடுங்கிக் கிறுக்கலாக இருந்தது. போகப்போக நேராகிக்கொண்டு வந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் இது போலி இல்லை என்று எனக்கு விளங்கியது.

அப்படியானால் ஜூன் ஒன்றில் பிறந்த, கருப்பசாமி மகன் திருமேனி இன்னொருவன் எப்படி இருக்க முடியும்? மறுநாள் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் பிறந்த தேதி, மேலிருந்து கீழ் வரை ஜூன் ஒன்று. வீட்டில் பிறந்த பிள்ளைகள், சான்றிதழ் கிடையாது. மார்கழியில் பிறந்தான், கம்பு அறுப்பில் பிறந்தான் என்று தாய் சொல்வார். பள்ளியில் சேர்க்க வயது சரியாக வர வேண்டும் என்று வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அந்தப் பக்கத்தில் மூன்று திருமேனி இருந்தார்கள். அதில் இரண்டு பேருக்குத் தகப்பன் கருப்பசாமி.

இது எனக்குத் தெரியாத சங்கதியா? நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று என் அம்மா சொல்வார். என் பணிப்பதிவேட்டில் இருப்பது மே மாதம். அந்த வாத்தியார் போட்ட தேதியில்தான் ஓய்வும் பெற்றேன். என் பிறந்த தேதியை நானே நம்பியதில்லை. ஆனால் அயல்நாட்டுக் கடிதத்தில் அச்சடித்து வந்ததும் திருமேனியின் தேதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எல்லாரையும் சந்தேகப்பட்ட நான் காகிதத்தைச் சந்தேகப்படவில்லை.

இன்னொரு திருமேனியின் தாயார் பாலவனத்தத்தில் மகளோடு இருந்தார். மகன் எட்டு வருடத்துக்கு முன் சென்னைக்குப் போய், அங்குள்ள முகவரியில் பாஸ்போர்ட் வாங்கி வெளிநாடு போயிருக்கிறான். அதனால்தான் எங்கள் மாவட்டப் பட்டியலில் அவன் வரவில்லை. இரண்டு வருடமாக ஒரு போன்கூட இல்லை என்று அந்த அம்மாள் அழுதார். இந்த முறை அவரைத் தனியாக, வீட்டுக்குள் உட்கார வைத்துக் கேட்டேன்.

ஆய்வாளரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தவர். கதவைச் சாத்தச் சொன்னார். நாமே உறுதி என்று எழுதிவிட்டு நாமே இல்லை என்று எழுதினால் டெல்லியில் நம்மை யார் மதிப்பார்கள் என்றார். அங்கே வழக்கு நடக்கட்டும், குற்றம் இல்லை என்றால் அவர்களே விட்டுவிடுவார்கள் என்றார். அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்ததை நினைத்தாரோ என்னவோ, பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஒங்களுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குது. இப்பப் போயி ஒங்க பேர்ல நீங்களே மெமோ வாங்கணுமா?"

பயமாகத்தான் இருந்தது. ஓய்வூதியக் கோப்பு நகர வேண்டிய நேரம். அன்று இரவு முழுக்க, நடுங்கி நடுங்கி நேரான அந்தக் கையெழுத்துகள் கண் முன்னால் நின்றன. இரண்டு மாதம் தன்னோடு தானே சண்டை போட்டு ஜெயித்து வந்த மனிதரை நான் கொண்டுபோய்ச் சிறையில் தள்ளியிருக்கிறேன். காலையில் போய், என் விசாரணை தவறு, பொறுப்பு என்னுடையது மட்டுமே என்று எழுதி ஆய்வாளர் மேசையில் வைத்தேன். பொறுப்பு என்னுடையது மட்டுமே என்ற வரியைப் படித்ததும் அவர் மேலொப்பம் போட்டார்.

அனுப்புவதற்கு முன் முத்துமாரியை வரச் சொன்னேன். இந்தச் சீட்டையும் சேர்த்து அனுப்பினால்தான் நம்புவார்கள் என்றேன். இதுவும் எல்லா நாட்டுக்கும் போகுமா என்று கேட்டார். எங்கெங்கே போகும் என்று என்னால் சொல்ல முடியாது, போனதைத் திரும்ப வாங்கவும் முடியாது என்று உண்மையைச் சொன்னேன். சீட்டை மறுபடி நாலாக மடித்து என் பக்கம் தள்ளினார்.

"எந்த நாட்டுக்கு வேணும்னாலும் அனுப்புங்க. பந்தல்குடிக்கு மட்டும் போகாமப் பாத்துக்கங்க."

நான் வாக்குக் கொடுத்தேன். அலுவலகத்தில் யாரிடமும் வாக்குக் கொடுத்துப் பழக்கமில்லை.

தவறான வரி ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. திருத்தம் போய்ச் சேர ஏழு வாரம் பிடித்தது. முதல் நாட்டிடமிருந்து கைரேகை வந்து, அது திருமேனியுடையது இல்லை என்று தெரிந்த பிறகே விட்டார்கள். இன்னொருவனைப் பற்றி நான் அனுப்பிய அறிக்கையில் உறுதி என்ற சொல்லே கிடையாது. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று எழுதினேன். அவன்தான் குற்றவாளியா, அல்லது அவனுடைய பாஸ்போர்ட்டையும் எவனாவது வாங்கி வைத்துக்கொண்டு ஆளை எங்காவது அடைத்திருக்கிறானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருமேனி ஊருக்கு வந்து சேர்ந்தார். துறைமுக வேலை போய்விட்டது. எனக்கு மெமோ வந்தது, பதில் எழுதினேன். அவரைப் பார்க்கப் போனபோது, மரத்தடியில் நிறுத்தாமல் வயல்காட்டுப் பக்கம் தனியாகக் கூட்டிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. வேர்த்தது தப்புத்தான் சார் என்றார். அதைக் கேட்பதற்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம். ஒரு வருடம் கழித்து வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போனார். எங்கள் திருத்தம் போய்ச் சேராத கணினி ஏதோ ஒன்று எங்கேயோ இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் போகும்போதும் அவரைத் தனி அறையில் உட்கார வைத்துவிட்டுத்தான் விடுகிறார்களாம். கறந்த பால் மடி புகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஓய்வு பெற்று எட்டு மாதம் இருக்கும். அருப்புக்கோட்டையில் என் வீட்டு வாசலில் ஒரு நாள் காலையில் திருமேனியின் மாமனார் வந்து நின்றார். விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தேன். வந்த காரியத்தை உடனே ஆரம்பித்தார்.

"மருமகன் மேல தப்பில்லன்னு ஆயிப்போச்சு. சரி. ஆனா அந்த ரெண்டு மாசம் அவரு எங்க இருந்தாரு? அது தெரியாம நீங்க விடச் சொல்லியிருக்க மாட்டீக."

எவ்வளவு சரியாகப் பிடித்தார் பாருங்கள். இந்த ஆளைத் தனிப்பிரிவில் சேர்த்திருந்தால் என்னை ஓரம் கட்டியிருப்பார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு மூச்சுவிடுகிற நேரம்தான் இருந்தது. திருமேனி அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மையத்தை விட்டு வந்ததிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை என்று முத்துமாரி சொல்லியிருந்தார். என் முகத்தில் ஒரு சின்னத் தயக்கம் தெரிந்தால் போதும், அந்தக் குடும்பம் இரண்டாகும்.

"சென்னையில கிரேன் ஓட்டிக்கிட்டு இருந்தாரு. நானே நேர்ல போயி விசாரிச்சேன்" என்றேன்.

எந்தக் கம்பெனி என்றார். ஒரு பெயரைச் சொன்னேன். மேஸ்திரி யார் என்றார். அதற்கும் ஒரு பெயரைச் சொன்னேன். தங்கின இடம் கேட்டார், தெருவோடு சொன்னேன். எனக்கு வேர்க்கவில்லை. பெரியவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு காப்பியைக் குடித்து முடித்தார்.

"இத எழுதித் தருவீகளா?"

"எழுதுறத விட்டுட்டேன் அண்ணாச்சி. வாயால சொல்றேன். நம்புறதுன்னா நம்புங்க."

நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாரேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனார். முத்துமாரியும் பிள்ளையும் இன்னும் திருமேனியின் வீட்டில்தான் இருக்கிறார்கள்.